இரண்டு விலக்குகளும் ஒரு பிணைமுறியும்

“இன்னாருக்கு வேவர் கிடைச்சிட்டுதாம், இனிக் கிறீன் கார்ட்தான்” என்று யாழ்ப்பாணம் பரமேஸ்வராச் சந்தித் தேநீர்க்கடையில் ஒரு செய்தி புறப்பட்டால், பொழுதுபடுவதற்குள் அது ரொறன்ரோ வரை போய்விடும். எந்த வேவர், அதாவது எந்த விலக்கு, என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. படித்த, தொழில் தேர்ச்சியுள்ள ஒருவர் அமெரிக்காவில் நிரந்தர வதிவிடம் தேடும் பாதையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விலக்குகள் குறுக்கிடுகின்றன. வேலை தருபவர் எவரும் இல்லாமலே விண்ணப்பிக்க இடங்கொடுப்பது தேசிய நலன் விலக்கு. பரிமாற்று விசாவில் படிக்கப் போனவரை “இரண்டு ஆண்டுகள் ஊரில் இருந்துவிட்டு வா” என்ற கட்டளையிலிருந்து விடுவிப்பது மற்றையது. முதலாவதை வென்றவருக்கு இரண்டாவது தானாக வராது. இரண்டும் கிடைத்தவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்கு தீராமல் இருக்கக்கூடும். புலமைப்பரிசிலுக்குப் போகும்போது பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்த பிணைமுறிதான் அது.

படிப்பை வைத்துக் கடல் கடப்பது குடாநாட்டுக்குப் புதிதல்ல. மலாயாவின் ரயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் போய், ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் கட்டிய கல்வீடுகள் இன்னும் பல ஊர்களில் நிற்கின்றன. அன்று ஆங்கிலம் தெரிந்தால் போதும், பிரித்தானியப் பேரரசே வேலைக்கு அழைத்தது. எல்லா நாடும் அப்படித் திறந்திருக்கவில்லை. வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதை அவுஸ்திரேலியா 1901ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்து வைத்திருந்தது. 1966 மார்ச்சில் பிரதமர் ஹரல்ட் ஹோல்டின் அரசு அதைத் தளர்த்தி, நாட்டுக்குப் பயன்படும் தகைமை உள்ள ஆசியர்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது. கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்து, 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சி. ஜே. எலியேசர், 1968இல் மெல்பேர்ண் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். “பொது விதி மூடியிருக்கிறது, ஆனால் உன் வேலை எங்களுக்குப் பயன்படும் என்றால் வா” என்ற அந்தத் தர்க்கமே அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அமெரிக்காவின் தேசிய நலன் விலக்கில் ஓடுகிறது.

இனி அந்த விலக்கு. 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் தொழில்வழி நிரந்தர விசாக்களை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 என்று வகுத்து, படிகளாகப் பிரித்தது. இரண்டாம் படி உயர்பட்டம் பெற்றவர்களுக்கும் அசாதாரண ஆற்றல் உள்ளவர்களுக்கும் உரியது. அதன் பங்கு சுமார் 40,000. வழக்கமான நடைமுறையில் ஓர் அமெரிக்க நிறுவனம் வேலை தர முன்வரவேண்டும். அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழில் திணைக்களத்திடம் நிரூபிக்கவும் வேண்டும். விண்ணப்பதாரியின் வேலை நாட்டின் நலனுக்கு உகந்தது என்றால் இந்த இரண்டு நிபந்தனைகளையும் அரசு விட்டுக்கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே, எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல், ஐ-140 படிவத்தைத் தானே நிரப்பி அனுப்பலாம். 2025 செப்டெம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டொலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டிலிருந்து ஆளெடுக்கும் ஆசை பல நிறுவனங்களுக்குக் குறைந்துவிட்டது. தானே விண்ணப்பிக்கும் இந்த வழிக்கு மவுசு கூடியதில் வியப்பில்லை.

“நாட்டு நலன்” என்றால் என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 1998இல் நியூயோர்க் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களம் ஒரு பாலப் பொறியியலாளருக்காகப் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்த தீர்ப்பு, பதினெட்டு ஆண்டுகள் கடுமையான அளவுகோலாக இருந்தது. 2016 டிசம்பர் 27இல் வந்த தனசார் தீர்ப்பு அதை மாற்றியது. இன்று எல்லா விண்ணப்பங்களும் அதன் மூன்று கேள்விகளாலேயே அளக்கப்படுகின்றன. செய்யப்போகும் பணிக்குத் தகுதியும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்கும் நிலையில் இவர் இருக்கிறாரா? எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால், வேலை தருபவர் வேண்டும் என்ற விதியைத் தளர்த்துவது அமெரிக்காவுக்கு இலாபமா?

தனசார் அதிவேக விமான உந்துவிசை ஆய்வாளர். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும் கலங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று மேன்முறையீட்டு அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவர் கற்பித்தலையும் சேர்த்தே சொல்லியிருந்தார். அதை அலுவலகம் ஏற்கவில்லை. ஒரு வகுப்பறையில் மாணவருக்குப் பாடம் சொல்வது நல்ல காரியந்தான், ஆனால் அந்த வகுப்பறையைத் தாண்டி முழுத் துறையையும் அது அசைக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றது. யாழ். பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி, கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகங்களில் இருக்கும் விரிவுரையாளர்கள் அந்தத் தீர்ப்பில் இந்தப் பகுதியைத்தான் இரண்டு தடவை வாசிக்கவேண்டும். “பதினைந்து ஆண்டுக் கற்பித்தல் அனுபவம்” என்பது ஊரில் மரியாதை தரும். விண்ணப்பத்தில் அது இரண்டாவது கேள்விக்கு ஓரளவு உதவும், முதலாவதுக்கு உதவாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. இந்தத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “நீரியல் ஆய்வு செய்ய விரும்புகிறேன்” என்று எழுதினால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். ரெக்சஸில் சான் அன்ரோனியோ நகருக்குக் குடிநீர் தரும் எட்வேட்ஸ் நீர்ப்படையும் சுண்ணாம்புக் கல்தான். புளோரிடாவின் பெரும்பகுதிக்கு நீர் தரும் நிலத்தடிப் படையும் அதே இனம். அங்கும் உரமும் கழிவும் பாறைப் பிளவுகளால் விரைவாக இறங்குகின்றன. சுண்ணாம்புப் படைகளில் நைத்திரேற்று நகரும் பாதையை முன்கூட்டியே கணிக்கும் ஒரு முறையை இன்ன தரவுகளைக் கொண்டு, இன்ன ஆய்வுகூடத்தோடு சேர்ந்து உருவாக்கப்போவதாக அவர் எழுதினால், கோண்டாவில் கிணற்றில் தொடங்கிய வேலை அமெரிக்காவின் பிரச்சினையைத் தொடுகிறது. அதிகாரி தேடுவது அந்தத் தொடுகையைத்தான்.

தேசிய முக்கியத்துவம் என்பதன் தோற்றத்தைப் பார்க்க யாழ்ப்பாணத்தவர் தூரம் போகத் தேவையில்லை. சிக்காகோவில் உள்ள இலினோய் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் சிவலிங்கம் சிவானந்தன், இரவிலும் பார்க்கும் அகச்சிவப்பு உணரிகளுக்கான பாதரச-கட்மியம்-தெலூரைட்டுப் பொருளில் வேலை செய்தவர். புலம்பெயர்ந்த தொழில்முனைவோர் வரிசையில் 2013இல் வெள்ளை மாளிகை அவரைக் கௌரவித்தது. அவர் எந்த விசாவில் போனார் என்பது இங்கே விடயமல்ல. அந்த ஆய்வின் பயன் யாருக்கு என்று கேட்டால் ஒரே வரியில் விடை சொல்லலாம், அதுவே கவனிக்கவேண்டியது.

சிபாரிசுக் கடிதங்களில்தான் நம்மவர் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். நற்சான்றிதழ் என்றால் கிராம அலுவலர், சமாதான நீதவான், அதிபர், குருக்கள் என்று ஓடிப் பழகிய சமூகம் இது. “இவர் நல்லொழுக்கமும் கடும் உழைப்பும் உள்ளவர்” என்ற வரிக்கு நெப்ராஸ்கா அல்லது ரெக்சஸ் சேவை நிலைய அதிகாரியிடம் பெறுமதி இல்லை. மேற்பார்வைப் பேராசிரியரின் கடிதம் தேவைதான். ஆனால் விண்ணப்பதாரியை நேரில் அறியாத, அவருடைய கட்டுரையை வாசித்து அதைத் தன் வேலையில் பயன்படுத்திய ஒருவர் எழுதும் ஒரு பக்கம், உறவும் நட்பும் எழுதும் பத்துப் பக்கத்தைவிடக் கனமானது. எதைப் பயன்படுத்தினார், என்ன மாற்றம் வந்தது என்பதும் அதில் இருக்கவேண்டும். எல்லாக் கடிதங்களும் ஒரே கணினியில் தட்டப்பட்டவை போல் ஒரே சொற்களில் இருந்தால், அதிகாரிக்கு அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

பட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டாம் படிக்கு அமெரிக்க முதுகலைக்குச் சமமான பட்டம் வேண்டும், அல்லது இளமாணிப் பட்டமும் அதன் பிறகு அந்தத் துறையிலேயே ஐந்து ஆண்டு படிப்படியாக உயர்ந்த அனுபவமும் வேண்டும். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் அமெரிக்க இளமாணிக்குச் சமமாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டம் அப்படி ஏற்கப்படாமல் போகும் ஆபத்து உண்டு. விஞ்ஞானப் பொதுப் பட்டத்தோடு வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ நீண்ட காலம் வேலை செய்தவர், வழக்கறிஞருக்குக் காசு கட்டுவதற்கு முன் தகைமை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் சமநிலை அறிக்கை பெறுவது புத்தி. 2025 ஜனவரியில் வந்த புதிய வழிகாட்டல், பட்டமும் அனுபவமும் செய்யப்போகும் பணியோடு பொருந்தவேண்டும் என்பதை இன்னும் இறுக்கியது. கணக்கியல் பட்டத்தோடு செயற்கை நுண்ணறிவில் புரட்சி செய்யப்போகிறேன் என்று எழுதும் காலம் போய்விட்டது.

செலவு பெரிதல்ல. 2024 ஏப்ரல் 1இலிருந்து ஐ-140 கட்டணம் 715 டொலர். தானே விண்ணப்பிப்பவர் அதற்கு மேல் 300 டொலர் கட்டவேண்டும். இரண்டும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று லட்சம் இலங்கை ரூபா. விரைவுச் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதில் 45 வேலைநாட்களுக்குள் பதில் வரும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், அனுப்பும் வாரத்தில் அமெரிக்கக் குடிவரவுச் சேவையின் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய செலவு முகவர்களிடந்தான் வருகிறது. “கிறீன் கார்ட் எடுத்துத் தாறம், அரைவாசி இப்ப, மிச்சம் போன பிறகு” என்பவர்களுக்கு இந்த நடைமுறையில் செய்யச் சட்டப்படி எதுவும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தரணியோ அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ மட்டுமே ஆலோசனை கூறி முன்னிற்கலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டியிருப்பது கிறீன் கார்ட் விடயத்தில் ஒரு தகுதியும் ஆகாது.

பிறந்த இடம்தான் யாழ்ப்பாணத்தவருக்குப் பெரிய அனுகூலம். விசா இலக்கம் குடியுரிமையைப் பார்த்து அல்ல, பிறந்த நாட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு வீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்கள் இரண்டாம் படியில் பத்து ஆண்டுக்கும் மேலாக வரிசையில் நிற்க, இலங்கையில் பிறந்தவர் பொது வரிசையில் நிற்கிறார். அந்த வரிசைக்கும் 2022 டிசம்பரில் வெட்டுத்திகதி வந்தது. ஆனாலும் இரண்டு காத்திருப்புகளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போர் இந்தக் கணக்கைச் சிலருக்குக் குழப்பிவிட்டது. 1983க்குப் பிறகு படகேறி மண்டபம் முகாமுக்கும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களுக்கும் போன குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள், பெற்றோர் இருவரும் இணுவிலாராக இருந்தாலும், அமெரிக்கப் பார்வையில் இந்தியாவில் பிறந்தவர்கள். பிறந்தபோது பெற்றோர் இருவரும் அந்த நாட்டில் பிறக்காதவர்களும் அங்கே வதிவிடம் இல்லாதவர்களுமாக இருந்தால், பெற்றோரின் நாட்டுக் கணக்கில் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்தது வதிவிடமா இல்லையா என்பது வழக்கறிஞர் வாதாடவேண்டிய விடயம். திருமணமானவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. கணவன் திருச்சியில் பிறந்து மனைவி சாவகச்சேரியில் பிறந்திருந்தால், இருவரும் சேர்ந்து குடியேறும்போது மனைவியின் நாட்டுக் கணக்கைக் கணவனும் பயன்படுத்தலாம். விண்ணப்பித்தவர் யார் என்பது அதில் பொருட்டல்ல.

பத்திரங்களைச் சேர்ப்பதற்கு ஒதுக்கும் காலத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளவேண்டும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானபோது எத்தனையோ வீடுகளில் ட்ரங்குப் பெட்டியோடு உறுதியும் சான்றிதழும் போயின. பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பதிவே அகப்படாதவருக்குப் பதிவாளர் நாயகத் திணைக்களம் உத்தேச வயதுச் சான்றிதழ் தருகிறது. தமிழ்ப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் கூடவே போகவேண்டும். தகப்பன் பெயர் ஓர் இடத்தில் முதலெழுத்தாகவும், பட்டச் சான்றிதழில் முழுதாகவும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகவும் இருந்தால், மூவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியை ஆரம்பத்திலேயே முடித்துவிடுவது நேர்முகத்தில் வியர்க்காமல் காக்கும். 16 வயதுக்குப் பிறகு இந்தியாவில் ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தவர் அங்கிருந்தும் பொலிஸ் சான்றிதழ் எடுக்கவேண்டும். கடவுச்சீட்டுக்கு மட்டும் இப்போது வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ இரவுப் பேருந்து பிடிக்கத் தேவையில்லை. 2025 செப்டெம்பர் 1இல் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது.

ஐ-140 அனுப்பிய பிறகு மாணவர் விசாவுக்கோ சுற்றுலா விசாவுக்கோ போகிறவர் ஒன்றை மறைக்கக் கூடாது. நிரந்தரக் குடியேற்ற மனு எப்போதாவது போடப்பட்டதா என்று டிஎஸ்-160 படிவம் கேட்கும். “ஆம்” என்றால் அந்தத் தற்காலிக விசா மறுக்கப்படலாம். “இல்லை” என்று பொய் சொன்னால் நிரந்தர வாசலே மூடப்படும்.

இரண்டாவது விலக்கு வேறு உலகம். ஜே-1 பரிமாற்று விசாவில் அரசுப் பணத்தில் படித்தவர், அமெரிக்கா வெளியிட்ட திறன் பட்டியலில் தன் நாட்டின் பெயரோடு தன் துறை உள்ளவர், மருத்துவ மேற்படிப்புக்குப் போனவர் ஆகிய மூவகையினரும் இரண்டு ஆண்டு ஊர் வாசத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதை முடிக்காமல் அல்லது விலக்குப் பெறாமல் கிறீன் கார்ட்டும் எச்-1பியும் கிடையாது. தேசிய நலன் மனு ஏற்கப்பட்ட கடிதம் கையில் இருந்தாலும் இதுதான் நிலை. டிஎஸ்-2019 படிவத்தின் அடியிலும் விசாத் தாளிலும் இது குறிக்கப்பட்டிருக்கும். குறிப்பில் சந்தேகம் இருந்தால் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்திடம் கருத்துக் கேட்கலாம். திறன் பட்டியல் 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்டு, இந்தியா, சீனா உட்படப் பல நாடுகளின் பெயர்கள் நீங்கின. பழைய பட்டியலை வைத்துப் பயப்படுவதும், பட்டியலைப் பாராமல் மகிழ்வதும் ஒரே அளவு ஆபத்து.

இலங்கையில் 1952இலிருந்து நடக்கும் புல்பிறைட் புலமைப்பரிசில் திட்டத்தில் போனவர்களே இங்கு அதிகம் யோசிக்கவேண்டியவர்கள். இலங்கை அரசுக்கு ஆட்சேபம் இல்லை என்று வாஷிங்டன் தூதரகம் வழியே கடிதம் வாங்கினால் போதும் என்று பேச்சு உலாவுகிறது. அமெரிக்க அரசின் பணத்தில் படித்தவருக்கு அந்தக் கடிதத்தை மட்டும் வைத்து விலக்குக் கிடைப்பது மிக அரிது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள கணவன், மனைவி, பிள்ளைக்கு அசாதாரண இடர் வரும் என்று காட்டுவது ஒரு வழி. இனம், மதம், அரசியல் கருத்து காரணமாகத் தனக்குத் துன்புறுத்தல் வரும் என்று காட்டுவது இன்னொரு வழி. பின்னையதில் 2009 வரையான வரலாற்றை மட்டும் சொன்னால் ஆகாது, தனக்கு வரக்கூடிய ஆபத்தைக் காட்டவேண்டும். பலருக்கு உகந்த வழி, திரும்பி வந்து 730 நாட்களை ஊரில் கழிப்பதுதான். நாட்களைத் தொடர்ச்சியாகக் கழிக்கவேண்டும் என்றில்லை, கூட்டிக் கணக்கிடுவார்கள். கடவுச்சீட்டின் முத்திரைகளே சாட்சி.

வைத்தியர்களுக்குத் தனிவழி உண்டு. 1978இல் தொடங்கிய யாழ். மருத்துவ பீடத்தில் படித்து, ஜே-1 விசாவில் அமெரிக்காவில் மேற்பயிற்சி முடித்தவர், வைத்தியர் பற்றாக்குறையான இடத்தில் மூன்று ஆண்டு முழுநேரம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் ஊர் திரும்பும் கட்டளையிலிருந்து விலக்குப் பெறலாம். வட டக்கோட்டா செனற்றர் கென்ற் கொன்றாட்டின் பெயரால் 1994இல் வந்த இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடம். அப்படிப்பட்ட இடத்தில் மொத்தம் ஐந்து ஆண்டு சேவை செய்யும் வைத்தியர் தேசிய நலன் விலக்கையும் பெறலாம், அந்த மூன்று ஆண்டும் இந்த ஐந்தில் சேரும். தாதியருக்கும் இயன்மருத்துவருக்கும் தொழில் திணைக்களச் சோதனையே இல்லை, ஆனால் வேலை தருபவர் வேண்டும்.

கனடாவில் உறவுகள் உள்ளவர்கள் முதலில் அந்தப் பக்கம் பார்ப்பது இயல்பு. அங்கே எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வேலைக் கடிதம் கட்டாயமில்லை. 2025 மார்ச் 25இலிருந்து வேலைக் கடிதத்துக்கான மேலதிகப் புள்ளியும் நீக்கப்பட்டது. வயதும் மொழிப் புள்ளியும் கைகொடுக்கும் முப்பது வயதுக்காரருக்கு அது இலகு. நாற்பதைத் தாண்டிய ஆய்வாளருக்கு வயதைக் கேட்காத அமெரிக்க வழி சில சமயம் நல்லது.

கடைசியாகப் பிணைமுறி. கற்கை விடுமுறையில் சம்பளத்தோடு போன விரிவுரையாளர், திரும்பி வந்து குறித்த காலம் பணியாற்றுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் பிணை நின்றிருக்கிறார்கள். வாஷிங்டன் தரும் எந்த விலக்கும் இந்த ஒப்பந்தத்தைத் தொடாது. 2022 யூனில் அரசாங்க ஊழியருக்கு வந்த ஐந்து ஆண்டுச் சம்பளமற்ற விடுமுறைச் சுற்றறிக்கையும் வேறு கணக்கு. போகக் கூடாது என்று இங்கே சொல்லவில்லை. பொதுப் பணத்தில் படித்தவர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போவதுதான் முறை. பிணை நின்றவர்கள் பெரும்பாலும் அதே துறையில் அடுத்த அறையில் இருப்பவர்கள். நிலுவைக்கான கடிதம் அவர்கள் வாசலுக்கும் போகும். ஐ-140 படிவத்தைத் திறப்பதற்கு முன் பிணைமுறியை எடுத்து நிலுவைத் தொகையைக் கணக்கிடுங்கள், கட்டும் திட்டத்தைப் பதிவாளரிடம் எழுத்தில் கொடுங்கள், பிணை நின்ற இருவருக்கும் நேரில் சொல்லிவிடுங்கள்.